மிக்ஸிக்குக் கொடுத்த வேலை

துபாயிலிருந்து ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் வாசலில் வைத்தே உம்மா தீர்ப்பு சொல்லிவிடுவார்: “எளச்சுப் போயிட்டியே வாப்பா.” பதினோரு வருஷத்தில் இந்தத் தீர்ப்பு ஒருமுறைகூட மாறியதில்லை. 68 கிலோவில் துபாய்க்குச் சபர் போனவன் 74ஆக வந்தபோதும் இளைப்புத்தான், 81ஆக வந்தபோதும் இளைப்புத்தான். போதும் இந்த வாழ்க்கை என்று மொத்தமாக மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊரான புதுமடத்துக்கு வந்த வாரம், உச்சிப்புளியில் ஒரு மருந்துக்கடைத் தராசில் ஏறினேன். 89. அன்றைக்கும் உம்மா என் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு நெய்ச்சோறு வைக்க அடுப்படிக்குப் போய்விட்டார்.

என் உயரம் 170 சென்டிமீட்டர். பிஎம்ஐ கணக்குப் போட்டால் 30.8 வருகிறது. உலகப் பொதுக் கணக்கில் 25க்கு மேல் போனால் அதிக எடை, 30க்கு மேல் உடல்பருமன். நம் ஆட்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. கை கால் ஒல்லியாக இருக்கும்போதே நமக்கு வயிற்றில் கொழுப்பு சேர்ந்து, சர்க்கரை நோய் சீக்கிரம் வந்துவிடுகிறது. அதனால் 2009இல் இந்திய மருத்துவர்கள் வெளியிட்ட ஒருமித்த பரிந்துரையில் 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25ஐத் தொட்டாலே பருமன் என்று கோட்டை இறக்கி வைத்தார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. லுங்கி கட்டும் இடத்துக்குக் கீழே இறங்கிவிட்ட என் தொப்பையை டேப் வைத்து அளந்தால் 104.

சரி, குறைக்க வேண்டியதுதான் என்று முடிவெடுத்தேன். எப்படிக் குறைப்பது என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பதில். மச்சான் சொன்னார், வாட்ஸாப்பில் வந்தது, ரீல்ஸில் ஒரு பெண் கண்ணாடி டம்ளரைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்: ஜூஸ்.

ராமநாதபுரம் போய்ப் புது மிக்ஸி ஒன்று வாங்கி வந்தேன். காலையில் ஆப்பிள், பீட்ரூட், கேரட் போட்ட ஏபிசி ஜூஸ். பதினோரு மணிக்குச் சாத்துக்குடி. மாலையில் தர்பூசணி. ராத்திரி மாதுளை. நடுவில் பசித்தால் தேன் கலந்த எலுமிச்சைத் தண்ணீர். சோறு கிடையாது, மீன் கிடையாது. உம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் தராசில் 86.4. இரண்டரைக் கிலோ போய்விட்டது! தராசைப் படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன். துபாயிலிருந்து காக்கா, சிங்கப்பூரிலிருந்து சாச்சா மகன், சென்னையிலிருந்து லாத்தா என்று எல்லாரும் ‘மாஷா அல்லாஹ்’ போட்டார்கள். ஆறாம் நாள் பக்கத்துத் தெருவில் வலிமா, கல்யாண விருந்து. ஒரே ஒரு சஹன் தட்டு முன்னால் உட்கார்ந்தேன். பத்தாம் நாள் தராசு 89.2 என்றது. அந்தப் படத்தை நான் யாருக்கும் அனுப்பவில்லை.

என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. நாம் தின்னும் மாவுச்சத்தில் ஒரு பங்கை உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்பாக வைத்துக்கொள்கிறது. எல்லாம் சேர்ந்து அரைக் கிலோவுக்குள் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பட்டினி கிடந்தால் முதலில் கரைவது இந்தச் சேமிப்பு. கூடவே தண்ணீரும் வடிகிறது, குடலும் காலியாகிறது. அதில் கொழுப்பு கொஞ்சம்தான். மறுபடி சோறு உள்ளே போனதும் தொட்டி நிரம்பிவிடும். நான் குரூப்பில் போட்டுப் பெருமைப்பட்டதில் பெரும்பங்கு தண்ணீர்.

பட்டினி நமக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டேன். ஆனால் மிக்ஸி காசு போட்டு வாங்கியதாயிற்றே! சாப்பாடு வழக்கம்போல, கூடவே ‘ஆரோக்கியத்துக்கு’ தினம் இரண்டு டம்ளர் ஜூஸ் என்று ஒரு சமரசத்துக்கு வந்தேன். இரண்டு மாதம் ஒழுங்காகக் குடித்தேன். தராசு 91 ஆனது.

அது எந்தக் கணக்கு, அண்ணே?

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வரும் பெண், உம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்க வந்தவர், சும்மா நின்ற என்னையும் உட்கார வைத்து விரலில் ஊசியைக் குத்தினார். 186.

“காலைல என்ன சாப்பிட்டீங்க அண்ணே?”

“ஒண்ணும் சாப்பிடலம்மா. ஜூஸ் மட்டும்தான்.”

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “ஜூஸை நீங்க சாப்பாட்டுக் கணக்குல வச்சிருக்கீங்களா, தண்ணிக் கணக்குல வச்சிருக்கீங்களா?”

எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு மாதமாக நான் அதைத் தண்ணீர்க் கணக்கில்தான் எழுதி வந்திருக்கிறேன். பத்து மணிக்கு நாலு இட்லி, பதினோரு மணிக்கு ஜூஸ், ஒரு மணிக்கு வழக்கமான சோறு. ஜூஸ் குடித்ததற்காக ஒரு கரண்டிச் சோறுகூடக் குறைத்ததில்லை. வயிறும் அதைத் தண்ணீராகத்தான் எடுத்துக்கொண்டது, பசி குறையவே இல்லை. உள்ளே போன சர்க்கரையை மட்டும் உடம்பு சாப்பாட்டுக் கணக்கில் வரவு வைத்துவிட்டது.

எதற்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் முறையாகப் பார்த்துவிடுங்கள் என்று அவர் சொன்னதால் போனேன். மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி சோதனையில் 6.2 வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசற்படி. 6.5 என்றால் உள்ளே போயாயிற்று. 2023இல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் ஆய்வு இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள் என்றது. நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

நாலு சாத்துக்குடி

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் ஒரு சோதனை செய்து பார்த்தேன். வீட்டில் கேக் செய்ய வாங்கிய சின்ன டிஜிட்டல் தராசு இருந்தது. நாலு சாத்துக்குடியை வைத்தேன். 820 கிராம். பிழிந்தேன், வடிகட்டினேன். ஒரு டம்ளர் நிறையச் சாறு, அளவு ஜாடியில் 310 மில்லி. வடிகட்டியில் ஒரு கைப்பிடிச் சக்கை. கைபேசியில் நேரம் வைத்துக்கொண்டு, அவசரப்படாமல், வழக்கம்போலக் குடித்தேன். 38 விநாடி.

அடுத்த நாள் அதே நேரம், அதே போல நாலு பழம். இந்த முறை உரித்துத் தின்பது என்று முடிவு. தோல் உரிக்கவே ஒரு பழத்துக்கு இரண்டு நிமிஷம். வெள்ளை நாரை எடுக்க வேண்டும், சுளையைப் பிரிக்க வேண்டும், கொட்டையைத் துப்ப வேண்டும். முதல் பழம் தேனாக இருந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது பழத்தில் பாதியில் தாடை அலுத்துவிட்டது. கடிகாரம் 22 நிமிஷம் காட்டியது. மிச்சத்தைப் பிள்ளைகளிடம் தள்ளிவிட்டு எழுந்தேன். அன்று மதியம் சோறு கொஞ்சம் குறைவாகத்தான் இறங்கியது.

நான் புதுசாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. 1977இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இதே சோதனை வந்திருக்கிறது. பத்துப் பேருக்கு ஒரே அளவு சர்க்கரை உள்ள ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: முழுப்பழம், கூழ், சாறு. பழத்தைத் தின்னும் வேகத்தைவிடச் சாறு பதினோரு மடங்கு வேகமாக உள்ளே போனது. பழம் தின்றவர்களுக்குத்தான் வயிறு அதிகம் நிறைந்தது, கூழுக்கு அதற்கடுத்த இடம், சாற்றுக்குக் கடைசி. சாறு குடித்தால் இன்சுலின் அதிகம் சுரந்து, அப்புறம் ரத்தச் சர்க்கரை தொடங்கிய அளவுக்கும் கீழே இறங்கியது. பதினோரு மணி ஜூஸுக்குப் பிறகு பன்னிரண்டரைக்கே எனக்கு ஏன் வயிறு கூவியது என்று இப்போது யோசித்துக்கொள்கிறேன்.

2013இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஆய்வு இன்னும் பெரியது. அமெரிக்காவில் 1,87,000 மருத்துவத்துறை ஊழியர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்தார்கள். திராட்சை, ஆப்பிள் போன்ற பழங்களை முழுதாகத் தின்றவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் குறைவாக வந்திருந்தது. பழச்சாறு நிறையக் குடித்தவர்களுக்குக் கூடுதலாக வந்திருந்தது. இதை வைத்து ஜூஸ்தான் நோயைக் கொடுத்தது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது, கவனித்து எழுதிய கணக்கு அவ்வளவுதான். ஆனால் ஒரே பழம், தின்றால் ஒரு பக்கமும் குடித்தால் இன்னொரு பக்கமும் சாய்கிறது என்பதை நாலு சாத்துக்குடியோடு மல்லுக்கட்டிய நான் நம்பாமல் இருக்க முடியாது.

எண்ணாகவே பார்த்துவிடலாம். ஒரு நடுத்தர ஆரஞ்சில் ஏறக்குறைய 60 கலோரி, 12 கிராம் சர்க்கரை, 3 கிராம் நார். 240 மில்லி ஆரஞ்சுச் சாற்றில் 110 கலோரி, 21 கிராம் சர்க்கரை, நார் அரைக் கிராம்தான். குளிர்பானமான கோலாவில் 100 மில்லிக்குச் சர்க்கரை பத்தரைக் கிராம். ஒரு சொட்டுச் சீனி சேர்க்காத ஆரஞ்சுச் சாற்றில் எட்டரைக் கிராம். சாற்றில் வைட்டமின் சி இருக்கிறது, பொட்டாசியம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. எடைத் தராசு வைட்டமினைப் பார்த்துத் தள்ளுபடி தராது என்றுதான் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் கொடுத்த சர்க்கரை வழிகாட்டுதலிலும் இந்த வேறுபாடு உண்டு. முழுப்பழத்துக்குள் இருக்கும் சர்க்கரையை அவர்கள் குற்றம் சொல்லவில்லை. அதே பழத்தைப் பிழிந்த பிறகு வரும் சர்க்கரையை, தேனையும் சேர்த்து, சீனியோடு ஒரே வரிசையில் நிற்க வைத்துவிட்டார்கள். அந்த வரிசை மொத்தமும் ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. ஒரே டம்ளரில் 21 போய்விட்டால் மிச்சம் எவ்வளவு என்று டீக்கடையில் நிற்கும்போது யோசித்துக்கொள்ளுங்கள்.

இது வீட்டுச் சாறு. கடைச் சாறு வேறு. ஒருநாள் உச்சிப்புளியில் ஒரு ஜூஸ் கடையில் தம்பி போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். டம்ளரில் பாதிக்கு ஐஸ். இரண்டு பழம் பிழிந்தார். பிறகு கை தன்பாட்டில் சீனிப் பாத்திரத்துக்குப் போய் மூன்று பெரிய கரண்டி அள்ளியது. “தம்பி, சீனி வேண்டாமே” என்றேன். “மொதல்லயே சொல்லணும் காக்கா, கை பழகிப்போச்சு” என்று சிரித்தார். குறை அவர்மேல் இல்லை. குளிர்ச்சி நாக்கை மரக்க வைத்துவிடும், இனிப்பு தெரிய வேண்டுமானால் கூடுதலாகப் போட்டுத்தான் ஆக வேண்டும். இனிப்பு குறைந்தால் ‘பழம் சரியில்லை’ என்று கடையை மாற்றும் ஆட்கள் நாம்தான்.

அட்டைப் பெட்டி ஜூஸும் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையில் ஏறிவிட்டது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2024 ஜூனில் ஓர் உத்தரவு போட்டது: அடர்த்தியாக்கிய சாற்றில் தண்ணீர் கலந்து மீட்டெடுத்த பானத்தின் மேல் ‘100% பழச்சாறு’ என்று எழுதக் கூடாது. பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் முதலில் நிற்பது தண்ணீர்தான். ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பழச்சாறே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2017இலேயே சொல்லிவிட்டது. நம் ஊரில் ஆறு மாதப் பிள்ளைக்குச் சாத்துக்குடிச் சாறு புகட்டுவதை இன்னும் பாசம் என்றுதான் நினைக்கிறோம். வாழைப்பழத்தை மசித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

ஜூஸ் உயிர் காத்த நாள்

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம் பிடிக்கும். போன ரமளானில் ஒருநாள் அசர் தொழுகை முடிந்து வந்தேன். உம்மா நோன்போடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுக்கம். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தது. கருவியில் சர்க்கரை பார்த்தால் 58. 70க்குக் கீழே போனாலே ஆபத்து.

“நோன்பு இருக்குடா, மஹ்ரிபுக்கு இன்னும் ஒரு மணி நேரந்தானே” என்றார். நோயாளிக்கு மார்க்கத்தில் விலக்கு உண்டு என்று சொல்லி, அரை டம்ளர் ஆரஞ்சுச் சாற்றைக் குடிக்க வைத்தோம். இதற்கு மருத்துவர்கள் சொல்லும் பாடம் பதினைந்துக்குப் பதினைந்து: வேகமாகச் சேரும் சர்க்கரை 15 கிராம், 15 நிமிஷம் பொறுத்து மறுபடி சோதனை, இன்னும் 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு தடவை. அரை டம்ளர் சாறு கிட்டத்தட்ட அந்த அளவுதான். கால் மணி நேரத்தில் 92. உம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, “எனக்கு ஒண்ணுமில்ல, கஞ்சிக்கு ஆள் போயாச்சா?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த நேரத்தில் ஒரு சாத்துக்குடியை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவருக்கு மருந்தானதும் எனக்குத் தொப்பையானதும் ஒரே வேகம்தான். இதனால்தான் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ரமளான் பிறப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நாங்கள் பார்க்காமல் விட்டது எங்கள் தவறு.

நோன்பு திறக்கும் நேரத்தையும் அன்றிலிருந்து உற்றுப் பார்க்கிறேன். பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் காய்ந்த வயிறு. பாங்கு சொன்னதும் ரோஸ் சர்பத் இரண்டு டம்ளர் ஒரே மூச்சில் இறங்கும். அப்புறம் வடை, சமோசா. எல்லாம் முடிந்த பிறகுதான் கஞ்சி. இப்போது எங்கள் வீட்டில் வரிசை மாறியிருக்கிறது. பேரீச்சம்பழம் இரண்டு, தண்ணீர், அடுத்து நோன்புக் கஞ்சி. அரிசியும் பருப்பும் வெந்தயமும் பூண்டும் சேர்ந்து கொதித்த அந்தக் கஞ்சியைச் சூட்டோடு மடக்கென்று குடிக்க முடியாது, ஊதி ஊதித்தான் குடிக்க வேண்டும். ஒரு கிண்ணம் முடிவதற்குள் பாதிப் பசி அடங்கிவிடும். அதற்குப் பிறகு சர்பத் வேண்டுமென்றால் குடிக்கட்டும். அரை டம்ளருக்கு மேல் யாரும் கேட்பதில்லை.

முள்ளும் ஓடும் நாரும்

நம்ம கடற்கரைச் சாப்பாட்டை இந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கியதும் எனக்கு வேடிக்கையாக இருந்தது. இங்கே எதுவுமே சுலபமாக வாய்க்குள் போகாது.

காரல் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவு, தகடு மாதிரி, உடம்பெல்லாம் முள். சீலா துண்டு போல மூன்று வாயில் முடிக்க முடியாது. விரலால் வழித்து, நடுமுள்ளை உருவி, நாக்கால் தடவிப் பார்த்துத்தான் முழுங்க வேண்டும். ஆறு காரல் தின்ன அரை மணி நேரம். விலையும் மலிவு. சூடையும் அப்படித்தான். நண்டு இன்னும் மோசம்: காலை உடைத்து, ஓட்டைக் கடித்து, உறிஞ்சி, கடைசியில் இலையில் மலைபோல ஓடு குவிந்திருக்கும், வயிற்றுக்குள் போனது ஒரு பிடிதான். ஆனால் அந்த ஒரு பிடி நல்ல புரதம், அது பசியைப் பிடித்து வைக்கும். எண்ணெயில் பொரித்தால் கதை மாறிவிடும், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. புளி ஆணமாக, அதாவது குழம்பாக, வைத்தால் தொல்லையில்லை.

மார்கழி, தையில் பனங்கிழங்கு. அவித்ததை எடுத்துத் தோலை உரி, இரண்டாகப் பிள, நடு நரம்பை எடு, நாரை இழு, பிறகு மெல்லு. இரண்டு கிழங்கு மென்றவன் மூன்றாவதைத் தேட மாட்டான். அப்புறம் சித்திரை, வைகாசியில் நுங்கு. மூன்று கண்ணுள்ள காயைச் சீவிக் கையில் கொடுத்தால், பெருவிரலை விட்டுத் தோண்டித் தோண்டித்தான் எடுக்க வேண்டும். பெரும்பாலும் தண்ணீர், இனிப்பு லேசாக. இப்போது ராமேஸ்வரம் ரோட்டில் ‘நுங்கு சர்பத்’ என்று போர்டு வைத்திருக்கிறார்கள். தோண்டுகிற வேலையை அவர்களே செய்து, பாலும் பாகும் ஊற்றி, ஸ்ட்ராவும் போட்டுத் தருகிறார்கள். நுங்கையும் தண்ணீர்க் கணக்குக்கு மாற்றியாயிற்று.

பனை என்றால் எல்லாமே நல்லது என்றும் எழுத மாட்டேன். பதநீரும் இனிப்புத்தான், நூறு மில்லியில் பத்து கிராமுக்கு மேலேயே சர்க்கரை இருக்கும். ஒரு பட்டை பதநீர் ஒரு டம்ளர் ஜூஸுக்குச் சளைத்ததல்ல. கருப்பட்டியில் சீனியில் இல்லாத சில தாதுக்கள் உண்டு, மணம் உண்டு, பனையேறியின் உழைப்பு உண்டு. ஆனால் கலோரிக் கணக்கில் சீனிக்கு மிகவும் பின்தங்கியது இல்லை. ‘கருப்பட்டிதானே’ என்று காப்பியில் இரண்டு மடங்கு போட்டுக்கொள்ளும் சொந்தக்காரர்களுக்காக இதைச் சொல்கிறேன். தேன் எலுமிச்சைத் தண்ணீரும் அதே கதை. ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரிக்கு மேல். எலுமிச்சை கொழுப்பைக் கரைக்கும் என்பது பாத்திரம் கழுவும்போது சரி, வயிற்றுக்கு இல்லை.

இப்போது என்ன செய்கிறேன்

பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் கொடுத்த உணவு வழிகாட்டியில் ஒரு நாளைக்குக் காய்கறியும் கீரையுமாக 400 கிராம், பழம் 100 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். நான் அதுவரை பழத்தைக் கிலோக்கணக்கில் பிழிந்துகொண்டிருந்தேன், காய் என் தட்டில் தொட்டுக்கொள்ளும் அளவுதான். கறியும் மீனும் இருந்தால் காய் எதற்கு என்கிற வீடு எங்களுடையது. இப்போது சோற்றுக்கு முன்னால் ஒரு கிண்ணம் புடலங்காயோ சுரைக்காயோ முருங்கைக்கீரையோ தின்றுவிட்டுத்தான் ஆணத்தைத் தொடுகிறேன். சோறு மூன்று கரண்டியிலிருந்து ஒன்றரையானது அதுவாக நடந்தது. வாரத்தில் இரண்டு நாள் குதிரைவாலிச் சோறு. நம்ம மாவட்டத்திலேயே விளைகிறது, துபாயில் காசு கொடுத்து வாங்கிய ஓட்ஸுக்கு இது ஒன்றும் குறைச்சலில்லை. புரோட்டா வாரம் ஆறு நாளிலிருந்து ஒரு நாளானது. அந்த ஒரு நாளை யாரும் பிடுங்க முடியாது.

பழம் தினம் ஒன்று. கொய்யா, இல்லையென்றால் சாத்துக்குடி, பப்பாளித் துண்டு. கடித்துத் தின்பது மட்டும்தான். ஃபஜ்ருக்குப் பிறகு கடற்கரையில் முக்கால் மணி நேரம் நடை. மணலில் நடந்தால் கெண்டைக்கால் கெஞ்சும், அதுவும் நல்லதுக்குத்தான்.

பதினாறு மாதம் ஆயிற்று. 91இலிருந்து 79. மாதத்துக்கு முக்கால் கிலோ. ஜூஸ் குடித்து ஐந்து நாளில் இரண்டரைக் கிலோ இறக்கியவனுக்கு இது ஆமை வேகம். ஆனால் வலிமாவுக்குப் போய் வந்தும் இந்தக் கிலோ திரும்பி வரவில்லை. எச்பிஏ1சி 5.8. வாசற்படியில்தான் இன்னும் நிற்கிறேன், ஆனால் முகம் தெருப்பக்கம் திரும்பியிருக்கிறது. இடுப்பு 94, இன்னும் நாலு சென்டிமீட்டர் பாக்கி.

ஒன்று மட்டும் கவனம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பழம், இளநீர், பழச்சாறு எதிலும் பொட்டாசியம் தொல்லை கொடுக்கலாம். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் உம்மாவுக்கு நடந்தது நடக்கலாம். என் கதையை வைத்துக்கொண்டு உங்கள் மருந்தை நீங்களே மாற்றிவிடாதீர்கள்.

மிக்ஸி வீணாகவில்லை. காரல் ஆணத்துக்குத் தேங்காய் அரைக்கிறது. ஜூஸ் ஜாடி மட்டும் பரணில்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும் வழியில் நுங்கு வாங்கி வந்தேன். உம்மாவுக்கு இப்போது முன்பல் நாலும் இல்லை. வீட்டில் மிக்ஸி தேவைப்படுகிற ஒரே ஆள் அவர்தான் என்று நினைத்து, எடுத்துக் கிண்ணத்தில் போட்டு அடித்துத் தரட்டுமா என்று கேட்டேன். அவர் கையை நீட்டிக் காயை வாங்கிக்கொண்டார். சேலைத் தலைப்பை மடியில் விரித்து, பெருவிரலை முதல் கண்ணில் விட்டு மெதுவாகச் சுழற்றினார். தண்ணீர் மணிக்கட்டில் வழிந்தது, அதை நக்கிக்கொண்டார். ஒரு கண் முடிய ஐந்து நிமிஷம். பக்கத்தில் உட்கார்ந்து நான் மூன்று கண்ணையும் காலி செய்துவிட்டு அடுத்த காய்க்குக் கை நீட்டினேன்.

உம்மா என் கையைத் தட்டிவிட்டார். “என்ன அவசரம் வாப்பா? நுங்கு எங்கயும் ஓடிப் போகாது.”